சுருட்டுக் கொட்டிலில் பிழைத்தவள்

"…நல்லாய்க் கேட்டுக்கொள் தம்பி, அவளைச் சாகவிட்டியெண்டால் நாளைக்கு நான் இந்தக் கொட்டிலுக்கை கால் வைக்கமாட்டன். பேந்து நீ ஆருக்கு வாசிக்கிறியெண்டு பாப்பம்!"

சொன்னவர் கொட்டிலின் மூலைப் பலகையில் சுருட்டுச் சுற்றுகிறவர். வயது ஐம்பதிருக்கும். எல்லாரும் அவரைப் பெரியண்ணை என்போம். 'அவள்' என்று அவர் சொன்னது சொந்தக்காரப் பெண் யாரையும் அல்ல. என் கையிலிருந்த நாவலின் கதாநாயகியை. சென்னைப் பட்டணத்தில் மாமியின் கொடுமை தாங்காமல் நானூறு பக்கமாக அழுதுகொண்டிருந்தவள், அன்றைக்குத்தான் பிரசவ வேதனையில் பாயில் படுத்தாள். அந்த இடத்தில் அத்தியாயம் முடிந்தது. நான் புத்தகத்தை மூடினேன். மிச்சம் நாளைக்கு.

அவளைச் சாகவிடுவதும் காப்பாற்றுவதும் என் கையில் இருப்பதுபோல அவர் சொன்னதைக் கேட்டு மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளுக்குரியதை முதலே வீட்டில் ஒருமுறை பார்த்து வைப்பது என் வழக்கம். கடைசி அத்தியாயத்தை அன்று விடியவே வாசித்திருந்தேன். அவள் சாகிறாள்.

பெரியண்ணைக்கு ஒரே ஒரு மகள். தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். மாதம் நிறைந்து, இன்றைக்கோ நாளைக்கோ என்று வீடே காத்துக்கொண்டிருந்தது. மனிதர் கொட்டிலில் இருந்தாலும் காது வீட்டுப் பக்கம்தான். ஒழுங்கையில் யாராவது கொஞ்சம் வேகமாக நடந்தால் போதும், சுற்றிய சுருட்டை அரைவாசியில் போட்டுவிட்டு எட்டிப் பார்ப்பார். இப்படி இருக்கிற தகப்பனுக்கு முன்னால் உட்கார்ந்து, தலைப்பிள்ளைக்குப் படுத்தவள் செத்துப்போனாள் என்று நான் எப்படி உரத்த குரலில் வாசிப்பேன்?

உரத்த குரலில் வாசிப்பதுதான் என் தொழில். அதைச் சொல்லாமல் மிச்சத்தைச் சொல்ல முடியாது.

1930களில் யாழ்ப்பாணத்து இணுவில் பக்கத்தில் சுருட்டுக் கொட்டில் இல்லாத ஒழுங்கை குறைவு. எங்களுடையது கிடுகு வேய்ந்த நீளக் கொட்டில். இரண்டு பக்கமும் வரிசையாகப் பன்னிரண்டு பேர் சப்பாணி கட்டி இருப்பார்கள். முன்னால் பலகை, பக்கத்தில் பதமாக நனைத்த புகையிலை. கையும் கண்ணும் வேலையில் இருக்கும். காது மட்டும் சும்மா இருக்கும். சும்மா இருக்கிற காது வம்பைத் தேடும், வம்பு சண்டையில் முடியும், சண்டை நடக்கிற நாளில் சுருட்டு நடக்காது. இதைக் கண்டுபிடித்த யாரோ ஒரு முதலாளி காதுக்கும் ஒரு வேலை கொடுத்தார். அதுதான் வாசிப்புக்காரன். காலையில் பத்திரிகை, பத்து மணித் தேத்தண்ணிக்குப் பிறகு கதை. வாசிக்கிறவன் சுருட்டுச் சுற்றத் தேவையில்லை. அவன் பங்கை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுற்றி வைத்துவிடுவார்கள்.

நான் முதலில் சுற்றத்தான் போனேன். ஒரு மாதம் சுற்றினேன். என் சுருட்டைப் பற்றவைத்த முதலாளி அரை மணித்தியாலம் உறிஞ்சிப் பார்த்துவிட்டுக் கன்னத்தைத் தடவிக்கொண்டு போனார். "உவன்ரை கையிலை தொழில் இல்லை. வாயிலை இருக்குது. வாயை வைச்சுப் பிழைக்கட்டும்" என்று பெரியண்ணைதான் எனக்கு வேலையை மாற்றிக் கொடுத்தவர்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கடினமான சொல் வந்தால் குரலைத் தாழ்த்தி, இரண்டு தரம் இருமி, கடந்துபோவேன். ஒருமுறை ஒரே பக்கத்தில் ஐந்து தரம் இருமியபோது, "தம்பியைப் பரியாரியிட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று எதிர்வரிசையில் இருந்த மெலிந்தவர் சொன்னார். அவருக்கு எதிலும் சந்தேகம். கொட்டிலில் அவரைச் சந்தேகக்காரர் என்றே கூப்பிடுவோம். எனக்குத் தெரிந்த தமிழில் பாதி அந்தக் கொட்டிலில் வாசித்துப் படித்தது. மற்றப் பாதி, வாசித்ததைப் பற்றி அந்தப் பன்னிரண்டு பேரும் சொன்னது. அவர்கள் சொல்லுகிற சொல்லில் எனக்கு அப்போதே ஒரு ஆசை. வீட்டுக்குப் போனதும் ஒரு கொப்பியில் எழுதி வைப்பேன்.

கதை நல்லதா கெட்டதா என்று அவர்கள் உடனே சொல்லமாட்டார்கள். கையைப் பார்க்கவேண்டும். கை ஒரே சீராக ஓடினால் கதை பரவாயில்லை. கை வேகமாக ஓடினால் சலிப்பு; வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகப் பார்க்கிறார்கள். கை நின்றுவிட்டால் அது நல்ல கதை. முதலாளிக்கு மட்டும் இது தலைகீழ். நல்ல கதை ஓடுகிற வாரத்தில் அவர் முகத்தில் களை இராது. "கொஞ்சம் மோசமான புத்தகமாய்ப் பாத்து எடன் தம்பி" என்று என்னிடம் ரகசியமாகக் கெஞ்சியிருக்கிறார்.

புத்தகம் எங்கள் வாசிகசாலையிலிருந்து வரும். அதன் காரியதரிசி ஓய்வு பெற்ற சட்டம்பியார், பள்ளிக்கூடத்தை விட்டாலும் பிரம்பு பிடித்த கையை இன்னும் மடக்கியே வைத்திருப்பவர். சென்னையிலிருந்து கதைப்புத்தகப் பொதி வந்தால் அவர் முகம் வேப்பெண்ணெய் குடித்ததுபோல ஆகிவிடும். புராணமும் இலக்கணமும் தவிர வேறு எதையும் தொடாத மனிதர். ஆனால் வாசிகசாலை அலுமாரியில் இரண்டு தட்டு. கீழ்த்தட்டு சிறுவர்களுக்கு. மேல்தட்டு பெரியவர்களுக்கு, அதற்குப் பூட்டும் உண்டு. எந்தப் புத்தகத்தை எந்தத் தட்டில் வைப்பது என்று தெரிய யாராவது வாசித்தாகவேண்டுமே.

"கட்டுக்கதை வாசிக்க எனக்கு ஆயுள் காணாது" என்றார் என்னிடம். "நீர் எப்பிடியும் தொண்டை கிழியக் கத்துறீர்தானே. கொண்டுபோய் வாசிச்சுப்போட்டு, எந்தத் தட்டெண்டு கொட்டிலைக் கேட்டு வந்து சொல்லும்."

அப்படித்தான் எங்கள் ஊர்ச் சிறுவர்களும் பெரியவர்களும் எதை வாசிக்கலாம் என்பதைப் பன்னிரண்டு சுருட்டுக்காரர்கள் தீர்மானிக்கத் தொடங்கினார்கள்.

முதலில் போனது ஒரு துப்பறியும் கதை. கொலை நடந்த அறையில் ஒரு சுருட்டுச் சாம்பல். துப்பறிகிறவர் அதை விரலால் தொட்டுப் பார்த்து, இந்தச் சுருட்டைப் பிடித்தவன் இடதுகைக்காரன், நேற்றுத்தான் பர்மாவிலிருந்து வந்து இறங்கினவன் என்றார். பன்னிரண்டு கையும் ஒரே நேரத்தில் நின்றன. கதை பிடித்துவிட்டது என்று நான் குரலை உயர்த்தினேன்.

"நிப்பாட்டு" என்றார் பெரியண்ணை. "சாம்பலைத் தொட்டோ சொன்னவர்?"

"ஓம் அண்ணை."

"முப்பது வருசமாய்ச் சுத்துறன். என்ரை சுருட்டுச் சாம்பலையும் உவன்ரை சாம்பலையும் கலந்து வைச்சால் எனக்கே பிரிக்கத் தெரியாது. உவருக்கு இடக்கை வலக்கை, கப்பலாலை இறங்கின நாளெல்லாம் தெரியுதாமோ? கொலை செய்தவன் உவர்தான். உவரைப் பிடிச்சுக் கட்டச் சொல்லு."

அதற்குப் பிறகு கதை முடியும்வரை கொலைகாரன் யார் என்று ஒருவரும் கவலைப்படவில்லை. எந்தத் தட்டு என்று கேட்டேன். கீழ்த்தட்டு என்றார்கள். "சின்னப்பிள்ளையளுக்குச் சாம்பலைப் பற்றித் தெரியாது. அவை வாசிக்கலாம்."

அடுத்தது அட்டையிலேயே சிறுவர்களுக்கென்று போட்டிருந்த புத்தகம். அதில் வருகிற பையன் ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒரு பொய் சொல்லுவான். அத்தியாயம் முடிவதற்குள் கிணற்றில் விழுவான், அல்லது காய்ச்சலில் கிடப்பான். கீழே தடித்த எழுத்தில் ஒரு புத்திமதி. கைகள் பறந்தன. அன்று முதலாளி முகம் பூரித்துப்போயிருந்தது. "உது பிள்ளையளுக்கு எழுதினதில்லை" என்றார் பெரியண்ணை. "தகப்பன்மாருக்கு எழுதினது. பிள்ளையளுக்குக் குடுத்தால் புத்தகத்தைக் கண்டாலே வேலி பாஞ்சு ஓடுவினம். மேல்தட்டிலை வைச்சுப் பூட்டு." அதற்கு மாறாக, ஒரு நரி பிறக்கிராசியாக நீதிமன்றத்தில் வழக்குப் பேசுகிற குட்டிக் கதை ஒன்று படங்களோடு வந்தது. அதை மூன்று தரம் திருப்பித் திருப்பி வாசிக்கச் சொன்னார்கள். வேலி வழக்கு, கிணற்றுப் பங்கு வழக்கு என்று கொட்டிலில் பாதிப் பேர் அந்த நரியை நேரில் கண்டவர்கள். அதுவும் மேல்தட்டுக்குப் போனது. "காணி வழக்கு இருக்கிறவைக்கு முதலிலை குடுக்கச் சொல்லு."

சட்டம்பியார் இந்தத் தீர்ப்புகளைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாலும், எழுதத் தவறமாட்டார். சிறுவர் புத்தகம் மேல்தட்டிலும் கொலைப் புத்தகம் கீழ்த்தட்டிலுமாக அலுமாரி நிறைந்தது. ஒன்று சொல்லவேண்டும்: கீழ்த்தட்டுக்கு வராத பிள்ளைகளெல்லாம் வரத் தொடங்கியிருந்தார்கள்.

இந்த நிலையில்தான் நானூறு பக்க நாவல் வந்தது. கொட்டில் அதைப் படுத்தாத பாடில்லை. அந்தப் பெண் மயங்கி விழும்போதெல்லாம் சந்தேகக்காரர் விரலை மடக்கி எண்ணுவார். "இருவது அத்தியாயமாய் அந்த வீட்டிலை ஒருத்தரும் சாப்பிட்டதாய்த் தெரியேல்லை" என்பார் பெரியண்ணை. "அழுகிறதுக்கு உவளுக்கு எங்காலை பெலன் வருகுது?" ஆனால் மூன்று வாரமாகக் கைகள் நின்று நின்றுதான் ஓடின. முதலாளி மெலிந்துபோனார்.

மறுநாள் வந்தது. கால் வைக்கமாட்டேன் என்று சொன்ன பெரியண்ணை எல்லாருக்கும் முன்னால் வந்து இருந்தார். தேத்தண்ணி முடிந்தது. நான் புத்தகத்தைத் திறந்தேன். வேதனை, மருத்துவிச்சியின் ஓட்டம், கதவுக்கு வெளியே கணவனின் தவிப்பு எல்லாவற்றையும் அச்சில் உள்ளபடியே வாசித்தேன். "அவளுடைய மூச்சு மெல்ல மெல்ல…" என்ற இடத்தில் தலையை உயர்த்தினேன். உயர்த்தியிருக்கக் கூடாது. மூலைப் பலகையில் கை நின்றிருந்தது. ஒரு இலையை இரண்டு விரலுக்கிடையில் பிடித்தபடி, பெரியண்ணை வாயைத் திறந்துகொண்டு என்னையே பார்த்தார். அது கதை கேட்கிறவனின் முகமாக எனக்குத் தெரியவில்லை. வைத்தியசாலை வாசலில் நிற்கிற தகப்பனின் முகம்.

"…சீரானது" என்றேன்.

அச்சில் இருந்தது 'நின்றது'. ஒரு சொல்லை மாற்றினால் போதும் என்று நினைத்தேன். பிழைத்தவளை வைத்துக்கொண்டு அடுத்த பன்னிரண்டு பக்கத்துக்கு என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. அங்கே இருந்ததெல்லாம் சுடுகாடும் ஒப்பாரியும்தான். வாய் திறந்தாகிவிட்டது. கண்ணைப் புத்தகத்தில் பதித்துக்கொண்டு நானே கதையை ஓட்டினேன். பட்டணத்துப் பெரிய டாக்குத்தரை மோட்டார்க் காரில் கொண்டுவந்தேன். ஊசி போட்டேன். பிள்ளை வீரிட்டு அழுதது, ஆண்பிள்ளை. மாமியை உள்ளே கூப்பிட்டு மருமகளின் காலில் விழுத்தினேன்.

"ஒரு நாளும் இல்லாமல் இண்டைக்கு இருமுறாயில்லை" என்றது சந்தேகக்காரரின் குரல். "பக்கமும் பிரட்டுறாயில்லை. ஒரு பக்கத்திலை இவ்வளவோ எழுதிக்கிடக்குது?"

"எழுத்துச் சின்னன் அண்ணை" என்று சொல்லி, இரண்டு பக்கத்தை ஒன்றாகப் பிரட்டினேன். அந்தப் பதற்றத்தில்தான் பெரிய பிழை செய்தேன். ஒருவரும் சாப்பிடுவதில்லை என்ற குறை நினைவுக்கு வர, பிள்ளை பெற்றவளுக்கு ஒரு சாப்பாடு கொடுக்க ஆசைப்பட்டேன். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்கு என்ன கொடுப்பார்கள்? மிளகும் மல்லியும் அரைத்துச் சின்ன மீன் போட்ட சரக்குக் கறி. அதையே கொடுத்துவிட்டேன். அந்தக் குடும்பம் நானூறு பக்கமாக ஆசாரம் பார்த்த குடும்பம், வாசலில் மீன்காரி நடந்தாலே தண்ணீர் தெளிக்கிற குடும்பம் என்பது கறியைப் பரிமாறி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஒருவரும் கவனிக்கவில்லை. "அப்பாடா, கடைசியிலையாவது சாப்பிட்டாள்" என்று யாரோ பெருமூச்சு விட்டார்கள். பெரியண்ணை சால்வையால் முகத்தைத் துடைத்தார். "எழுதினவன் நல்ல மனுசன்" என்றார். "முதல் கொஞ்சம் அழவைச்சாலும் உள்ளுக்குள்ளை நல்லவன்."

அதோடு விட்டிருந்தால் நானும் நல்லவனாகவே இருந்திருப்பேன். அவர் விடவில்லை.

"தம்பி, உந்தப் புத்தகம் மேல்தட்டுமில்லை, கீழ்த்தட்டுமில்லை. முதலிலை என்ரை வீட்டுக்கு வரவேணும். என்ரை பிள்ளை பயத்திலை சோறு தண்ணியில்லாமல் கிடக்கிறாள். எட்டாம் வகுப்புப் படிச்சவள், புத்தகமெண்டால் உயிர். தாயும் பிள்ளையும் சுகமாய் எழும்பிற கதை. மாமியும் காலிலை விழுகிறாள். உதைவிட வேறை என்ன மருந்து வேணும்?"

தகப்பன் பயப்படக்கூடாது என்று நான் சொன்ன பொய், அந்தச் சாவை நேரே மகளின் கையில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறது. பிள்ளை பிறக்கும்வரை அந்தப் புத்தகம் அந்த வீட்டுப் படலையைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் எனக்கு வேறு யோசனை இல்லை.

முதல் நாள், புத்தகம் கட்டு விட்டுப்போச்சு என்றேன். "நான் ஊசிநூல் தாறன்" என்றார். அடுத்த நாள், கறையான் என்றேன். "நேற்றுக் கட்டு, இண்டைக்குக் கறையான். நாளைக்கு வெள்ளம் வருமோ?" என்றார் சந்தேகக்காரர். மூன்றாம் நாள் வாசிகசாலைக்கு ஓடினேன். சட்டம்பியார் கதிரையில் சாய்ந்து கிடந்தார்.

"கொட்டில் என்ன சொல்லுது?"

"மேல்தட்டு ஐயா. வைச்சுப் பூட்டுங்கோ. திறப்பையும் நீங்களே வைச்சிருங்கோ. ஒருத்தருக்கும் குடுக்கவேண்டாம்."

"ஏன் காணும், அப்பிடி என்ன கிடக்குது அதிலை?"

என்ன சொல்லுவது? செத்துப்போகிறாள் என்றால், நீர் பிழைத்ததாக வாசித்தது ஏன் என்று கேள்வி வரும். "அது ஐயா… ஒரு மாதிரி."

"ஒரு மாதிரியெண்டால்?"

"சொல்லக் கூச்சமாய்க் கிடக்கு."

அவர் உடனே எழுந்து பூட்டினார். யன்னலோரம் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு வெளியே போனார்கள். எனக்கு அப்போதே விளங்கியிருக்கவேண்டும். மறுநாள் பின்னேரம் வாசிகசாலையில் இருக்க இடமில்லை. தோட்டத்தில் தண்ணீர் இறைப்பதை விட்டுவிட்டு வந்தவர்கள், பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தையால் திரும்பியவர்கள், வாசிகசாலை எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு வந்தவர்கள். எல்லாருக்கும் ஒரே புத்தகம்தான் வேண்டும். ஒருவர் துணிந்து கேட்டேவிட்டார்: "ஐயா, அந்த ஒரு மாதிரிப் புத்தகம் வந்திட்டுதோ?"

சட்டம்பியார் குடையை ஓங்கி எல்லாரையும் கலைத்தார். பிறகு புத்தகத்தைக் குடைக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். ஊர் கெடுவதற்கு முன் தானே ஒருமுறை பார்த்துவிடவேண்டும், அது காரியதரிசியின் கடமை என்று சொன்னாராம். எனக்கு நெஞ்சில் பால் வார்த்ததுபோல இருந்தது. மனிதர் ஒரு புராணத்தை ஆறு வருடமாக வாசித்துக்கொண்டிருந்தவர். இந்தப் புத்தகத்தை அவர் முடிப்பதற்குள் பெரியண்ணையின் பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும்.

மூன்றாம் நாள் காலை, சட்டம்பியார் கொட்டில் வாசலில் நின்றார்.

புகையிலை மணம் ஆகாதென்று அந்த ஒழுங்கையால்கூடப் போகாதவர். மூக்கைச் சால்வையால் பொத்திக்கொண்டு, கமக்கட்டில் புத்தகத்தோடு உள்ளே வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. எல்லாரும் எழும்பப் பார்த்தார்கள். "இருங்கோ, இருங்கோ" என்று கையால் அமர்த்திவிட்டு என்னிடம் திரும்பினார்.

"நீர் சொன்ன 'ஒரு மாதிரி' எத்தினையாம் பக்கம் காணும்? நானூறு பக்கமும் துழாவினன். ஒரு ஆபாசமும் இல்லை. ஒரு பாவப்பட்ட பெட்டை. மூண்டு நாளாய் நான் ஒழுங்காய்ச் சாப்பிடேல்லை. கடைசியிலை அந்தப் பிள்ளையும்…" சால்வையை மூக்கிலிருந்து எடுத்துக் கண்ணைத் துடைத்தார். நான் கண்ணைக் காட்டினேன், தலையை ஆட்டினேன், கால் விரலால் அவர் செருப்பை மிதிக்கவும் பார்த்தேன். "…செத்துப்போச்சுது" என்று முடித்தார்.

பன்னிரண்டு கையும் நின்றன. ஒருவரும் சட்டம்பியாரைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் என்மேல்.

பெரியண்ணை நிதானமாகக் கேட்டார். "தம்பி, நீ வாசிக்கேக்கை அவள் இருந்தவள்தானே?"

"ஓம் அண்ணை."

"ஐயா, நீங்கள் வாசிக்கேக்கை செத்திட்டாளோ?"

"ஓமப்பா. இஞ்சை அச்சிலை கிடக்குது."

"நீங்கள் எப்பிடி வாசிச்சனீங்கள்? சத்தம் போட்டோ, மனசுக்குள்ளையோ?"

"மனசுக்குள்ளைதான்."

"அதுதான் பிழைச்சுப்போச்சு. தனிய இருந்து மனசுக்குள்ளை வாசிச்சால் செத்துத்தான் போவினம். பன்னிரண்டு பேருக்கு முன்னாலை வாசிச்சுப் பாத்திருக்கவேணும்."

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாரோ, உண்மையிலேயே நம்பித்தான் சொன்னாரோ எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அண்ணை, நான்தான் மாத்தி வாசிச்சனான்" என்றேன். "உங்கடை முகத்தைப் பாத்தன். வாய் வரேல்லை. புத்தகம் கட்டு விடவுமில்லை, கறையான் பிடிக்கவுமில்லை. பிள்ளையின்ரை கையிலை போய்ச் சேரக்கூடாதெண்டு பயந்துதான் உவ்வளவும் செய்தனான்."

"நான் அப்பவே சொன்னனான், பக்கம் பிரட்டேல்லையெண்டு!" என்றார் சந்தேகக்காரர். வாழ்க்கையில் அவருடைய சந்தேகம் ஒன்று பலித்தது அன்றைக்குத்தான். அதைக் கொண்டாட விடாமல் பக்கத்திலிருந்தவர் அவர் தொடையில் கிள்ளினார்.

பெரியண்ணை கையிலிருந்த இலையைப் பலகையில் வைத்தார். பிறகு, "நாங்கள் பன்னிரண்டு பேரும் குனிஞ்சு கிடக்கிறம் தம்பி" என்றார். "புத்தகத்தைப் பாக்கிறது நீ ஒருத்தன்தான். உன்ரை வாயிலை நம்பிக்கை இல்லாட்டில் எங்களுக்குக் காதிருந்து என்ன பிரயோசனம்?"

அடி விழுந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திராது.

"இப்ப உள்ளபடி வாசி."

சட்டம்பியார் புத்தகத்தை நீட்டினார். நான் வாசிக்க உட்காருகிற பெட்டியில் அவரே இருந்துகொண்டார். நான் நின்றபடியே வாசித்தேன். மூச்சு நின்றது. சுடுகாடு வந்தது. ஒப்பாரி வந்தது. கடினமான சொல் வந்த இடங்களில் இருமவில்லை. தெரியாததைத் தெரியாதபடியே வாசித்தேன். சட்டம்பியார் இரண்டாம் தரமாக அழுதார். பெரியண்ணை தலை நிமிரவேயில்லை. கையும் நிற்கவில்லை. ஒரே சுருட்டின்மேல் இலைக்கு மேல் இலையாகச் சுற்றிக்கொண்டே போனார். நான் முடிக்கும்போது அது உலக்கைப் பருமனுக்கு வந்திருந்தது.

"எழுதினவன்ரை முடிவுதான் சரி" என்றார் கடைசியாக. "நானூறு பக்கம் சாப்பிடாமல் அழுதவள் வேறை என்ன செய்வாள்? சரியான முடிவெண்டபடியால்தான் அது இப்ப என்ரை வீட்டுக்கை வரக்கூடாது. பொய்யான முடிவெண்டால் வந்திட்டுப் போகட்டுமெண்டு விட்டிடலாம்."

"அப்ப மேல்தட்டிலை வைச்சுப் பூட்டிறன்" என்றார் சட்டம்பியார்.

"அவளுக்குக் கொண்டுவந்து தாறனெண்டு சொல்லிப்போட்டனே ஐயா. விடிஞ்சால் பொழுதுபட்டால் கேக்கிறாள். இல்லையெண்டால் என்ன ஏதெண்டு யோசிச்சே சாவாள்." அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு கையை நீட்டினார். "இஞ்சை கொண்டா."

கொடுத்தேன். புத்தகத்தைப் பலகையில் குப்புற வைத்தார். இலை வெட்டுகிற கத்தியை எடுத்து, கடைசி அத்தியாயம் முழுவதையும் நூல் கலையாமல் ஒரே இழுப்பில் வெட்டி எடுத்தார்.

"ஐயோ, வாசிகசாலைப் புத்தகம்!" என்று சட்டம்பியார் பெட்டியிலிருந்து துள்ளி எழுந்தார். "முத்திரை குத்தின புத்தகமப்பா!"

"முத்திரை முன்பக்கத்திலைதானே ஐயா. அதை நான் தொடேல்லை." வெட்டிய தாள்களை மடித்து மடியில் செருகினார். "பிள்ளை பிறந்து முப்பத்தொரு நாள் கழியட்டும். துடக்குக் கழிச்ச அண்டைக்கு இதையும் அவளின்ரை கையிலை குடுக்கிறன். ஒரு வரியும் குறையாது. அதுவரைக்கும் மிச்சத்தை நான் வாயாலை சொல்லிக்கொள்ளுறன்."

"என்ரை முடிவையோ அண்ணை?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"உன்ரை முடிவிலை ரெண்டு பிழை" என்றார். "முதலாவது மீன். அந்த வீட்டுக்கை மீன் எப்பிடி வந்ததெண்டு அண்டைக்கே யோசிச்சனான். பசியிலை கேட்டபடியால் விட்டிட்டன். மீனை எடுத்துப்போட்டு முருங்கைக்காய் போடுறன். மற்றது, மாமி கெதியாய் விழுந்திட்டாள். நானூறு பக்கம் ஆட்டிப்படைச்சவள் ஒரு வரியிலை காலிலை விழுவாளோ? கொஞ்சம் இழுக்கவேணும். ஒரு அடி வைப்பாள், நிப்பாள், பேந்து மற்ற அடி வைப்பாள்."

புத்தகத்தைச் சால்வைக்குள் சுற்றிக்கொண்டு, வேலை நேரம் என்றும் பாராமல் எழுந்து வெளியே போனார். நாங்கள் பன்னிரண்டு பேரும் சட்டம்பியாருமாக வாசலில் குவிந்து எட்டிப் பார்த்தோம். ஒழுங்கையில் கொஞ்சத் தூரம் போனவர் நின்றார். அங்குமிங்கும் பார்த்தார். புத்தகத்தை வேலியில் நட்டிருந்த கதியால் மரத்தின் கவட்டில் வைத்தார். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு ஒரு அடி வைத்து, நின்று, மற்ற அடி வைத்து, முழங்காலை மடித்துக் குனிந்து பார்த்தார். சரி வரவில்லை போலும். திரும்ப முதலிடத்துக்கே போய், இன்னும் மெதுவாக, இன்னொரு தரம் விழுந்து பார்த்தார்.